தகரத்தில் விழுந்த முகங்கள்

எடுத்த படத்தைக் கையில் கொடுத்ததும் "நல்லா இருக்கு" என்றோ "நல்லா இல்லை" என்றோ சொல்லாமல், "இது யாரு?" என்று வாடிக்கையாளர் கேட்கிற ஒரே போட்டோத் தொழில் என்னுடையதாகத்தான் இருக்கும்.

விருதுநகரில் மிளகாய் வத்தல் மண்டிகள் இருக்கிற தெருவொன்றில், மாடியில் என் ஸ்டுடியோ. கீழே வத்தல் குடோன். மேலே முன்பக்கம் ஸ்டுடியோ, பின்பக்கம் நானும் என் மனைவி செல்வியும் குடியிருக்கிற வீடு. பல வருடம் கல்யாண வீடுகளில் கேமராவும் கையுமாக அலைந்தவன் நான். மாப்பிள்ளை பெண்ணைத் தூக்குகிற மாதிரி, பெண் வெட்கப்படுகிற மாதிரி, இரண்டு பேரும் அலைபேசியைப் பார்த்து ஆச்சரியப்படுகிற மாதிரி என்று எடுத்து மரியாதையாகப் பிழைத்துக்கொண்டிருந்தேன். பாண்டிச்சேரியில் ஒரு பயிற்சி வகுப்புக்குப் போனதுதான் வினை.

கேமரா கண்டுபிடித்த புதிதில் வெள்ளைக்காரர்கள் படம் பிடித்த முறையை அங்கே சொல்லிக்கொடுத்தார்கள். கறுப்புப் பூச்சுப் பூசிய தகரத்தில் ஒரு பிசினை ஊற்றி, வெள்ளி உப்புக் கரைசலில் முக்கி, மரப்பெட்டிக் கேமராவில் வைத்துப் படம் எடுத்து, ஈரம் காய்வதற்குள் கழுவியும் முடிக்க வேண்டும். நெகட்டிவ் கிடையாது, இரண்டாவது காப்பி கிடையாது. ஒரு தகரம், ஒரு முகம். என் முகமே ஒரு தகரத்தில் மெல்ல மேலெழுந்து வந்ததைப் பார்த்த அன்று எனக்குப் புத்தி கெட்டது. இன்னும் தெளியவில்லை. நன்றாக ஓடிக்கொண்டிருந்த தொழிலை விட்டுவிட்டு மனசுக்குப் பிடித்ததைச் செய்கிறேன் என்று கிளம்பி, இன்று சொந்தக்காரர் வீட்டு விசேஷங்களில் கடைசிப் பந்தியில் சாப்பிடுகிற அன்பர்கள் யாராவது இதைப் படித்தால், வாருங்கள், நாம் எல்லாம் ஒரே கட்சி.

போர்டு

ஸ்டுடியோவுக்கு 'நினைவும் அடையாளமும்' என்று பெரிதாக ஒரு போர்டு எழுதி வைத்தேன். அதற்குக் கீழே சின்ன எழுத்தில் 'தகரத்தில் ஒளிப்படம்' என்று இருக்கும். அந்தச் சின்ன எழுத்தை இன்றுவரை ஒருவரும் படித்ததில்லை. கடை திறந்த புதிதில் மாடியேறி வந்தவர்கள் எல்லோர் கையிலும் ரேஷன் கார்டும் கரண்ட் பில் ஜெராக்ஸும் இருந்தன. அடையாள அட்டைக்குப் படம் எடுக்கிற அரசாங்க இடம் என்று நினைத்துக்கொண்டார்கள்.

ஆனைக்குட்டத்திலிருந்து ஒரு பெரியவர் அப்படித்தான் வந்தார். வாடிக்கையாளரின் முகத்தைப் பார்த்தே பல நாள் ஆகியிருந்ததால் அவரைத் திருப்பி அனுப்ப எனக்கு மனம் வரவில்லை. உட்காரவைத்து, தலை ஆடாமல் இருக்கக் கழுத்துக்குப் பின்னால் இரும்புத் தாங்கியை வைத்து, பத்து எண்ணும் வரை அசையக் கூடாது என்று மிரட்டி, எடுத்துக் கழுவி, காயவைத்துக் கொடுத்தேன். அவரும் அரசாங்கக் காரியம் என்றால் இப்படித்தான் இழுக்கும் என்று பொறுமையாக இருந்தார். தகரத்தை வாங்கி இப்படியும் அப்படியும் திருப்பிப் பார்த்துவிட்டுச் சொன்னார்: "தம்பி, நான் அட்ரஸ் மாத்தத்தான வந்தேன். நீ ஆளையே மாத்திட்டியேப்பா."

பத்துகிற சரக்கு

அந்தப் பிசினைப் பற்றிச் சொல்ல வேண்டும். வெடிபஞ்சு என்று ஒன்று உண்டு, தீப்பொறி பட்டால் பக்கென்று பற்றிக்கொள்ளும். அதைக் கரைத்தால் கிடைப்பதுதான் இது. வேறு ஊரில் இந்தத் தொழிலைச் செய்தால் அது ஏதோ ஒரு ரசாயனம், அவ்வளவுதான். சிவகாசிக்குப் பக்கத்தில் இருந்துகொண்டு செய்தால், டீக்கடையில் பக்கத்தில் உட்கார்ந்திருப்பவருக்குக்கூட அதைப் பற்றிச் சொல்ல ஒரு கருத்து இருக்கும்.

ஒருமுறை சரக்குத் தீர்ந்துபோய் சிவகாசியில் ஒரு கெமிக்கல் கடைக்குப் போனேன். முதலாளி என்னையும் நான் கேட்ட சாமான்களையும் மனசுக்குள் கூட்டிப் பார்த்துவிட்டு, "எந்தக் கம்பெனி?" என்றார். கம்பெனி இல்லை, போட்டோ ஸ்டுடியோ என்றேன். என் கலையைப் பற்றி ஒருவர் தானாகக் கேட்கிறாரே என்ற உற்சாகத்தில், ஆட்களை எப்படி உட்காரவைப்பேன், பிசினை எப்படி ஊற்றுவேன் என்பதில் தொடங்கி, சுவருக்கு அந்தப் பக்கம் மனைவி தோசை சுட்டுக்கொண்டிருப்பாள் என்பது வரை விளக்கினேன். கடையில் நின்ற நாலைந்து பேர் மெல்ல ஓரடி விலகி நின்றார்கள். வெடிமருந்து வாசனையிலேயே பிறந்து வளர்ந்தவர்கள் அவர்கள். முதலாளி எதையும் எடுத்துக் கொடுக்கவில்லை. கேள்வி ஒன்று மட்டும் கேட்டார்: "எல்லாப் போட்டோக்காரரும் 'சிரிங்க'ன்னு சொல்லுவாக. நீங்க 'ஓடுங்க'ன்னு சொல்லுவீகளோ?"

அம்மாவைக் கேட்டு வந்தவர்

ராமலட்சுமி ஆமத்தூர்க்காரர். சிவகாசியில் ஒரு காலண்டர் கம்பெனியில் வேலை. தினசரி காலண்டரின் தலைமாட்டில் ஒரு தகரப் பட்டை இருக்குமே, அதை அடிக்கிற பிரிவில் இருக்கிறார். வயது நாற்பதை நெருங்கும். வந்ததும் சுவரில் இருந்த ஒரு படத்தை விரலால் சுண்டிப் பார்த்து, "எங்க காலண்டர் தகரத்தவிடக் கனந்தான்" என்று சான்றிதழ் கொடுத்துவிட்டு, விஷயத்துக்கு வந்தார்.

"எங்கம்மாவ எடுக்கணும் சார்."

"தாராளமாக் கூட்டிட்டு வாங்க."

"எங்கம்மா செத்துப்போச்சு. நான் தவழுற பிள்ளையா இருக்கைல."

அம்மா பெயர் சீனியம்மாள். கல்யாணமாகி வெகுகாலம் பிள்ளையில்லாமல் இருந்து, ராமலட்சுமியின் இப்போதைய வயதில் ராமலட்சுமியைப் பெற்று, மறுவருடமே காய்ச்சலில் போய்விட்டார். போட்டோ பிடித்தால் ஆயுசு குறையும் என்று பயந்து எந்தக் கேமராவுக்கும் நிற்காதவர். அதனால் ஒரு படம்கூடக் கிடையாது. அப்பா குருசாமி மறுகல்யாணம் செய்துகொள்ளாமல் மகளை வளர்த்தார்.

"இப்ப எங்கப்பாவுக்கு எங்கம்மா முகம் மறக்குது சார். கூப்பிட்ட குரலு கேக்குதாம். சேலைக் கலரெல்லாம் சொல்லுதாரு. முகம் மட்டும் வர மாட்டேங்குதாம். சோத்துல வச்ச கைய எடுக்காம அப்படியே உக்காந்துக்கிடுதாரு. பாக்கச் சகிக்கல. ஊருல எல்லாரும் நான் எங்கம்மா மாதிரியே இருக்கேம்பாக. கன்னத்துல ஒத்தக் குழி விழும், அதுகூட அவுகளுக்கும் உண்டாம். என்ன, அவுகளுக்கு வலது கன்னத்துல, எனக்கு இடது. நீங்க எடுக்கிறது எல்லாம் பழைய காலத்துப் படம் மாதிரியே இருக்கு. என்னைய எங்கம்மாவா எடுத்துக் குடுங்க. எங்கப்பாவுக்குக் காட்டணும்."

நாற்காலியைக் காட்டி உட்காருங்கள் என்று நான் சொல்லியிருக்க வேண்டும். அதை விட்டுப் பாண்டிச்சேரியில் கேட்ட பிரசங்கத்தை எடுத்துவிட்டேன். வெள்ளி, இருப்பதை மட்டுமே காட்டும். ஒளிப்படம் பொய் சொல்லாது. உங்களை இன்னொருவராக எடுப்பது கலைக்குச் செய்கிற துரோகம். ராமலட்சுமி முழுவதையும் கேட்டார். பிறகு கைப்பையைத் திறந்து தன் ஆதார் அட்டையை எடுத்து என் முன்னால் வைத்தார். "போட்டோ பொய் சொல்லாதுன்னா, இது யாருன்னு சொல்லுங்க சார்."

நாலாவது தலை

வத்தல் சீசன் வந்தால் என் தொழிலுக்குச் சனி பிடிக்கும். கழுத்துத் தாங்கி ஆட்டத்தைத்தான் நிறுத்தும், தும்மலை நிறுத்தாது. கீழே மூட்டையைக் கொட்டிக் கிளறும்போது நெடி நேராக என் ஜன்னலுக்கு வரும். எனக்குப் பழகிவிட்டது. வெளியூர்க்காரர்கள் ஐந்து எண்ணுவதற்குள் மூக்கைச் சுருக்குவார்கள், ஏழில் வெடிப்பார்கள்.

மதுரையிலிருந்து அண்ணன் தம்பிகள் மூன்று பேர் ஒரே நிறச் சட்டையில் வந்தார்கள். சேர்ந்து ஒரு படம் எடுத்து அம்மாவுக்குப் பரிசாகக் கொடுக்கத் திட்டம். நடுவில் இருந்தவர் சரியாக ஏழில் தும்மினார். தும்மியவர் ஒழுங்காக இருந்திருக்கலாம். பக்கத்தில் சாய்ந்து, "ஸாரிண்ணே" என்று அண்ணனிடம் மன்னிப்புக் கேட்டு, சற்று நிதானித்து, பழைய இடத்துக்குத் தலையைக் கொண்டுவந்து வைத்தார். கழுவிப் பார்த்தால் அண்ணனுக்கும் அவருக்கும் நடுவில் சாயல் மாறாத இன்னொரு முகம், சற்று மங்கலாக, வருத்தத்தோடு நிற்கிறது. காலம் நகர்வது படத்தில் பதிந்திருக்கிறது, இது அபூர்வம் என்று சமாளித்தேன். மூத்தவர் தகரத்தை வெளிச்சத்தில் பிடித்து நெடுநேரம் பார்த்தார். "எங்கப்பாவுக்கு நாங்க மூணு பேருதான்னு எங்கம்மா இன்னைக்கு வரைக்கும் நிம்மதியா இருக்கு சார். இந்தப் படத்தக் கொண்டுபோயி நான் எப்படி அது கையில குடுக்க?"

முந்தானை

தகரத்தில் விழுகிற முகம் கண்ணாடியில் விழுகிற முகம் மாதிரி. இடம் வலம் மாறித்தான் விழும். இது இந்த முறையின் பிறவிக் குணம், என்னால் ஒன்றும் செய்ய முடியாது. அருப்புக்கோட்டையிலிருந்து அறுபதாம் கல்யாணம் முடிந்த கையோடு ஒரு தம்பதி வந்தார்கள். படத்தைப் பார்த்ததும் அவருக்குப் பரம சந்தோஷம். தினமும் சவரம் செய்யும்போது கண்ணாடியில் பார்க்கிற முகம் அப்படியே வந்திருக்கிறது, இத்தனை வருடத்தில் எந்தப் படத்திலும் நான் நானாக வந்ததில்லை என்றார். வீட்டம்மா ஒத்துக்கொள்ளவில்லை. உங்க மூக்கு அந்தப் பக்கம் கோணியிருக்கும், இது யாரோ இந்தப் பக்கம் கோணியவர் என்றார். தன் மூக்கு எந்தப் பக்கம் கோணல் என்று அவருக்கு நிச்சயமாகத் தெரியும், அவர் மூக்கு எந்தப் பக்கம் கோணல் என்று அந்த அம்மாவுக்கும் நிச்சயமாகத் தெரியும். நடுவில் நின்று நான் சமாதானம் பேசினேன். அடையாளம் என்பதே பார்க்கிறவரைப் பொறுத்தது என்று ஆரம்பித்தபோதுதான் அம்மா தன் உருவத்தைக் கவனித்தார். "மூக்கு எங்கிட்டுப் போனாலும் போய்ட்டுப் போகுது. முந்தானைய வலது தோள்ல தூக்கிப் போட்டு என்னைய எதுக்குய்யா சேட்டு வீட்டம்மா ஆக்குனீக?"

தலைவர் காணாமல் போனது

அன்றிலிருந்து பெண்கள் யார் வந்தாலும் முந்தானையை வலது தோளில் மாற்றிப் போடச் சொல்லிவிடுவேன். படத்தில் சரியாக விழும். கற்றுக்கொள்ளவே மாட்டேன் என்பவன் இல்லை நான். ஒவ்வொன்றாக, அடிபட்ட பிறகு கற்றுக்கொள்கிறவன்.

அடுத்த அடி நிறத்தில் விழுந்தது. இந்த முறைக்கு நம் கண்ணுக்குத் தெரிகிற நிறங்கள் புரியாது. நீலத்தை வெள்ளையாகப் பார்க்கும், மஞ்சளையும் சிவப்பையும் கறுப்பாகப் பார்க்கும். மஞ்சள் பூசிக் குளித்துவிட்டு லட்சணமாக வருகிற பெண்ணை அடுப்புக்கரி பூசினவளாகக் காட்டும். கட்சிக்காரர் ஒருவர் வந்தார், கட்சி எதுவென்று சொல்லமாட்டேன், எனக்கு இந்த ஊரில் குடித்தனம் இருக்கிறது. முழங்கையிலிருந்து மணிக்கட்டு வரை தலைவர் பெயரை நீலமாகப் பச்சை குத்தியிருந்தார். அது தெரிய வேண்டும் என்பதற்காகவே கையை மடித்து, முஷ்டியை உயர்த்தி, பத்து எண்ணும் வரை கல்லாக இருந்தார். பச்சை குத்திய நீலத்தையும் தோலையும் தகரம் ஒன்றாகவே பார்த்துவிட்டது. படத்தில் மீசை இருந்தது, முஷ்டி இருந்தது, சட்டைப்பை அலைபேசிகூட இருந்தது. கை மட்டும் பிறந்த குழந்தையின் கை மாதிரி சுத்தமாக இருந்தது. அவர் தகரத்தைச் சட்டென்று குப்புறக் கவிழ்த்தார். நாலாபக்கமும் பார்த்துவிட்டு, குரலைத் தாழ்த்திக் கேட்டார்: "இத வேற யாரும் பாக்கலையே? நான் கட்சி மாறிட்டேன்னு பொழுது சாயறதுக்குள்ள பரப்பிருவானுக."

பெரியவர் பிறந்த கதை

இதற்கிடையே ராமலட்சுமி என்னை விடவில்லை. ஞாயிற்றுக்கிழமை மார்க்கெட்டுக்கு வருகிறபோதெல்லாம் பையைக் கீழே வைத்துவிட்டு மாடியேறி, "மனசு மாறிச்சா சார்?" என்று கேட்டுவிட்டுப் போவார். அப்பா எப்படி இருக்கிறார் என்று கேட்டால், "நேத்து எம்மூஞ்சியவே ரொம்ப நேரம் பாத்துக்கிட்டிருந்தாரு. இல்லம்மா, வரலன்னுட்டாரு" என்பார். நான் அப்போதும் கலையைக் கெட்டியாகப் பிடித்துக்கொண்டிருந்தேன்.

அந்தப் பிடியைத் தளர்த்தியவர் கீழே வத்தல் மண்டி வைத்திருக்கிற முதலாளி. எனக்கு வீட்டுக்காரரும் அவர்தான். மண்டிக்கு நூற்றாண்டு விழா. தொடங்கிவைத்த தாத்தாவுக்குப் படம் கிடையாது. முதலாளியே தலைப்பாகை, கோட்டு, கைத்தடி சகிதம் உட்கார்ந்து தாத்தாவாக எடுத்துக்கொள்ள ஆசைப்பட்டார். வெள்ளி, உண்மை, துரோகம் என்று அவரிடமும் தொடங்கினேன். அவர் ஜன்னல் வழியாகக் கீழே பார்த்தபடி, "வத்தல உங்க ஜன்னலுக்கு நேரா வச்சுக் கிளறச் சொல்லட்டா, பின்னாடி தள்ளி வச்சுக் கிளறச் சொல்லட்டா?" என்றார். கலைக்கு எத்தனையோ சோதனைகள் வந்திருக்கின்றன. இந்த மாதிரி வந்திருக்காது. எடுத்துக் கொடுத்துவிட்டேன்.

படம் பிரமாதமாக வந்தது, அதுதான் கொடுமை. அதை ஸ்கேன் செய்து பெரிதாக்கிச் சட்டம் போட்டு, விழாவில் சந்தனமாலை சாத்தி, குத்துவிளக்கு ஏற்றினார்கள். மண்டியில் கணக்கு எழுதி ஓய்வுபெற்ற ஒரு கிழவர், தன் சின்ன வயதில் அந்தத் தாத்தாவை நேரில் பார்த்தவர், கண்ணைத் துடைத்துக்கொண்டு, "கோவம் வந்தா இப்படித்தான் பாப்பாரு, அதே கண்ணு" என்று மேடையிலேயே சாட்சி சொன்னார். எல்லோரும் கும்பிட்டார்கள், நானும் கும்பிட்டேன். அந்த நேரம் பார்த்து முதலாளியின் மனைவி உள்ளே வந்தார். அவரிடம் யாரும் முன்கூட்டிச் சொல்லவில்லை போலிருக்கிறது. வாசலிலேயே நின்று படத்தைப் பார்த்தார், மாலையைப் பார்த்தார், விளக்கைப் பார்த்தார். "மொதல்ல அந்த மாலையக் கழட்டுங்க! தாலி எங்கழுத்துல கெடக்கைல எம்புருசன் படத்துக்கு யாரு விளக்கேத்துனது?"

கலைக்கு வலிக்குமோ

விருதுநகரில் நடந்தது ஆமத்தூருக்குப் போய்ச்சேர ஒரு பஸ் போதும். அடுத்த ஞாயிற்றுக்கிழமை ராமலட்சுமி பையோடேயே மாடியேறிவிட்டார். "முதலாளிக்குத் தாத்தாவ உண்டாக்கிக் குடுத்தீகளாமே. எனக்கு அம்மாவ உண்டாக்குனா மட்டும் கலைக்கு வலிக்குமோ?" என்றார். கோபத்தில் கேட்கவில்லை, அழுகையை அடக்கிக்கொண்டு கேட்டார். எனக்கு வெட்கமாகிவிட்டது. அந்த வெட்கத்தோடு சும்மா இருக்காமல், உங்கள் அம்மாவை நான் பார்த்ததில்லை, நீங்களும் பார்த்த ஞாபகம் இல்லை, பிறகு எதை வைத்து எடுப்பது என்று கடைசியாக ஒரு கேள்வி கேட்டேன். பதில் சமையலறையிலிருந்து வந்தது. என் கேமராவுக்கு முன்னால் இன்றுவரை உட்காராத ஒரே ஆள் செல்வி. உயிரோடு இருக்கும்போதே மாலைக்குப் படம் எதற்கு என்பது அவள் கட்சி. அவள் கையைத் துடைத்துக்கொண்டு வந்து ராமலட்சுமியிடம் சொன்னாள்: "பாத்தவரு உங்கப்பாதான, வர்ற ஞாயித்துக்கெழம அவரையே கூட்டிட்டு வாங்கக்கா. இவரு இருப்பாரு. இவருக்கு வேற எங்கன சோலி இருக்கு?"

புளி

குருசாமி வந்தார். வெள்ளைச் சட்டை, தோளில் துண்டு, காட்டு வெயிலில் காய்ந்த உடம்பு. உட்காருவதற்கு முன்பே தன் கருத்தைச் சொல்லிவிட்டார்: "இவ எம்மக. எப்படி எடுத்தாலும் எம்மகதான் விழுவா. பிள்ள ஆசப்படுது, அதுக்காக வந்தேன்." ஆனால் ராமலட்சுமியை உட்காரவைத்ததும் அவரால் சும்மா இருக்க முடியவில்லை. கொண்டையை இன்னும் கீழே இறக்கு என்றார். பொட்டு சின்னதாக இருக்கட்டும் என்றார். தோடு எப்படி என்று செல்வி கேட்டாள். மகளின் காதைப் பார்த்துவிட்டு, "அது போயிருச்சு தாயி" என்றார். முந்தானையை வலது தோளுக்கு மறக்காமல் நான் மாற்றிப் போடச் சொன்னேன். அதில் எனக்குக் கொஞ்சம் பெருமைகூட இருந்தது.

எல்லாம் ஆனபிறகு பார்த்துவிட்டுத் தலையை ஆட்டினார். "அவ இப்படி உம்முன்னு இருக்க மாட்டா. அந்தக் குழி இல்லாம அவளுக்கு முகமே கெடையாது." இங்கேதான் என் தொழில் கையை விரித்தது. என் கேமராவுக்கு முன்னால் சிரிக்கக் கூடாது. மூன்று எண்ணும்போது சிரிப்பாக இருப்பது ஏழில் பல்வலியாகிவிடும். இருந்தாலும் எடுத்தேன். முதல் தகரத்தில் வாயிருந்த இடத்தில் புகை. இரண்டாவது முறை பாதியில் ராமலட்சுமிக்கே தன் நிலைமையைப் பார்த்துச் சிரிப்பு வந்துவிட்டது, முகம் முழுவதும் புகை. குருசாமி கோபப்படவில்லை. எழுந்து துண்டை உதறிப் போட்டுக்கொண்டு, "விடுங்க தம்பி. வராதது வராது" என்றார். ராமலட்சுமி நாற்காலியை விட்டு எழவில்லை, சுவரைப் பார்த்துக்கொண்டு உட்கார்ந்திருந்தார். நான் எத்தனையோ தகரங்களைக் கெடுத்திருக்கிறேன். கெட்டதைத் தூக்கிப் போட மனம் வராதது அன்றைக்குத்தான்.

அவர் செருப்பை மாட்டிக்கொண்டே யாரிடம் என்றில்லாமல் சொன்னார்: "இவ வயித்துல இருக்கைல எந்நேரமும் புளியங்காயும் வாயுமாத்தான் திரிவா. சப்பிக்கிட்டே இருப்பா. சிரிக்கவே வேணாம், குழி அதுபாட்டுக்குக் கெடக்கும்."

செல்வி உள்ளே போனாள். புளியங்காய்க்கு எங்கே போவது? குழம்புக்கு வைத்திருந்த புளியில் ஓர் உருண்டையைக் கொண்டுவந்து ராமலட்சுமியின் வாயில் கொடுத்தாள். கொட்டையோடு இருந்த நல்ல புளி. ராமலட்சுமி அதை இடது பக்கம் ஒதுக்கி இழுத்துச் சப்பியதும் கன்னம் உள்ளே போய்க் குழி விழுந்தது. விழுந்தது அப்படியே நின்றது. நான் ஓடிப்போய்த் தகரத்தில் பிசினை ஊற்றி, முக்கி எடுத்துவந்து, தாங்கியைச் சரிசெய்து எண்ணினேன். ஞாயிற்றுக்கிழமை என்பதால் கீழே வத்தல் கிளறவில்லை. பத்து வரை யாரும் மூச்சு விடவில்லை.

கழுவுகிற தட்டில் போட்டதும் முதலில் நீலம் கலந்த பால் மாதிரித்தான் இருக்கும். பிறகு பால் விலகி, கறுப்பு தெளிந்து, முகம் அடியிலிருந்து மேலே வரும். நாலு பேரும் குனிந்து பார்த்தோம். கீழிறங்கிய கொண்டை வந்தது, இடது தோளில் முந்தானை வந்தது, கண் வந்தது. கடைசியில் குழி வந்தது. அது வலது கன்னத்தில் இருந்தது. முந்தானையை மறக்காமல் மாற்றிப் போடவைத்த அறிவாளிக்கு, முந்தானையோடு சேர்ந்து கன்னமும் மாறும் என்று தோன்றவே இல்லை. இதைப் படிக்கிற உங்களுக்கு எப்போதோ தோன்றியிருக்கும். என் வாய் பழக்கதோஷத்தில் மன்னிப்புக் கேட்கத் தொடங்கியது: "அய்யா, தப்பா நினைக்காதீங்க, இதுல எல்லாமே இடம் வலம் மாறித்தான்..." ராமலட்சுமி என் கையை அழுத்திப் பிடித்து நிறுத்தினார்.

குருசாமி நான் சொன்னதைக் கேட்கவில்லை. ஒரு விரலால் தன் வலது கன்னத்தைத் தொட்டுப் பார்த்துக்கொண்டார். மாட்டியிருந்த செருப்பைக் கழற்றி ஓரமாகத் தள்ளினார். நான் மூக்கை உறிஞ்சிக்கொண்டேன், வத்தல் மேல் பழியைப் போடவும் அன்றைக்கு வழியில்லை. அவர் தட்டிலிருந்து கண்ணை எடுக்காமலே மகளிடம் சொன்னார்: "ராமு, நீ கொஞ்சம் வெளிய இரு தாயி. நானும் உங்கம்மாவும் பேசி ரொம்ப நாளாச்சு."

ஆக, நான் எடுத்த படத்தில் ஒரு குறையும் சொல்லாமல் அது யார் என்று என்னிடம் கேட்கவும் செய்யாத ஒரே வாடிக்கையாளர் அவர்தான், அவரும் என் ஸ்டுடியோவிலிருந்து என்னை வெளியே அனுப்பிக் கதவைச் சாத்திக்கொண்டார்.